ஆளில்லாத நாள்

‘வேளாண் ஆலோசனை’ என்று எங்கள் பலகையில் பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் ஏதோ செடிகொடிகளோடு கொஞ்சிப் பேசிப் பிழைக்கிறவர்கள் என்று நினைத்து மாடியேறி வருகிறவர்கள் உண்டு. என் தொழிலில் நான் ரத்தம் பார்க்காத மாதம் குறைவு. தாப்பா ஊரில் ஒரு காய்கறித் தோட்டக்காரர், வாய்க்கால் தகராறில் பக்கத்து நிலத்துக்காரரின் காதை மண்வெட்டியால் கிழித்தபோது நான் இரண்டு நிலத்துக்கும் நடுவில் குந்தி மண் எடுத்துக்கொண்டிருந்தேன். காது தொங்க நின்ற அந்த மனிதர், “நீங்க வேலையப் பாருங்க அக்கா, என் மண்ணை முதல்ல எடுங்க” என்றார். கோப்பெங்கில் ஒரு கொய்யாத் தோட்டக்காரர் குரங்குகளைச் சுட்டு வேலியில் தலைகீழாகக் கட்டிவைப்பார். அந்த வேலிக்குக் கீழே உட்கார்ந்து அவருக்கு உரக்கணக்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். நிலம் என்று வந்துவிட்டால் மனிதர்களுக்கு மூளை கைக்கு இறங்கிவிடுகிறது. எனக்கு எப்போதுமே அது கையில்தான் இருக்கிறது.

நான் இங்கே சொல்ல வருவது ஒரு மனிதரின் வலக்கையைப் பற்றி. அவர் மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறவர். அந்தக் கை திரும்ப ஒரு பிடியைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதுதான் அந்த வாரங்களில் எனக்கு இருந்த ஒரே கேள்வி. அந்தக் கையை வெட்டியது என் பெரியம்மா மகன். வெட்டு விழும் இடத்துக்கு அந்த மனிதரை அனுப்பிவைத்தது நாங்கள் விற்ற மென்பொருள். அதனால் மென்பொருளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஓர் உரக் கம்பெனியில் வேலை பார்த்து, மேலாளரோடு வாய்ச்சண்டை முற்றி வெளியே வந்தவள் நான். பிறகு சொந்தமாக ஆலோசனை சொல்ல ஆரம்பித்தேன். நிலத்தை நடந்து பார்ப்பேன். மண்ணையும் இலையையும் சோதனைக்கு அனுப்புவேன். என்ன நடலாம், எப்போது உரம் வைக்கலாம், எந்த வாரம் எத்தனை ஆள் வேண்டும் என்று ஒரு வருடத் திட்டம் எழுதிக் கொடுப்பேன். என் தம்பி கோலாலம்பூரில் கணினி வேலையில் இருந்தான். அவனும் அங்கே யாரோடோ முட்டிக்கொண்டு ஈப்போவுக்கே வந்து சேர்ந்தான். நான் கையால் போடும் திட்டங்களைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் ஒரு மென்பொருளே செய்யும் என்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். நல்ல மூளைக்காரன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னதும் கிடையாது.

அவன் எழுதியது இப்படி வேலை செய்யும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் உங்கள் நிலத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு போட வேண்டும். என்ன பயிர் என்று சொல்ல வேண்டும். மழை, மண், சரிவு எல்லாவற்றையும் பார்த்து அது ஒரு வருடத்துக்கு வேலைகளை அடுக்கிக் கொடுக்கும். எந்த நாள் மருந்து அடிப்பது, எந்த நாள் இயந்திரத்தை வரச்சொல்வது என்று கைப்பேசியில் காலையிலேயே மணி அடித்துச் சொல்லும். அது போட்டுக் கொடுத்ததை நான் நிலத்துக்குப் போய் நடந்து பார்த்துத் திருத்துவேன். மென்பொருளும் என் காலும் சேர்ந்துதான் விலை.

எங்கள் அலுவலகம் ஈப்போவில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இருக்கிறது. நாங்கள் இருவரும் சண்டை போட்டால் கடைக்கார பாய் கீழேயிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் தட்டுவார். அந்த வருடம் அவருக்குக் கட்டை தேய்ந்திருக்கும். தம்பிக்கு மென்பொருளைத் தனியாக விற்க வேண்டும். ஈப்போவோடு நிற்கக் கூடாது, ஜோகூரிலிருந்து கெடா வரைக்கும் நாடு முழுக்கப் போக வேண்டும். நான் நடந்து பார்க்காமல் ஒரு திட்டமும் வெளியே போகக் கூடாது என்று நான் நின்றேன்.

“அக்கா, புரோகிராமை நான் ஆயிரம் காப்பி எடுக்கலாம். உன் காலை எத்தன காப்பி எடுக்கிறது?”

“எடுக்க முடியாதுன்னா விக்காத.”

“ஒரு நாளைக்கு நீ எத்தன தோட்டம் நடப்ப? முட்டி வேற வலிக்குதுங்கிற.”

“என் முட்டி வலியை உன் வியாபாரத்துல சேக்காத.”

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் முட்டி வலித்தது உண்மை. எங்களால் போக முடியாத தூரத்தில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் நியாயமாகப் பேசுகிற ஆளைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் ஏறும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் பேராக் மாநிலத்தில் பழைய ரப்பர் தோட்டங்கள் பெயருக்குத்தான் இருக்கின்றன. கம்பெனி போய்விட்டது, ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், ஆட்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் நிற்கும். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எங்கிருந்தெல்லாமோ காரில் வந்து இறங்கிப் பொங்கல் வைத்து, கிடா வெட்டிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நாள். அரசாங்க நாள்காட்டியில் இது எதுவும் இருக்காது. நாங்கள் முதலில் போட்ட திட்டங்களில் ஒன்று சரியாகத் திருவிழா அன்றைக்கு அறுவடை வைத்தது. லோரி ஓட்டுகிறவர் வரவில்லை, காய் பறிக்கிறவர்களும் வரவில்லை. வாடிக்கையாளர் வெள்ளரிக்காய் மூட்டையை எங்கள் மாடிக்கே தூக்கி வந்து தரையில் கொட்டி மிதித்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு கோயில் தலைவரையும் கூப்பிட்டு, கெஞ்சி, திட்டி, நாட்களைச் சேகரித்தேன். தம்பி அதையெல்லாம் உள்ளே ஏற்றினான். அந்த நாட்கள் வந்தால் திட்டத்தில் ‘ஆள் இல்லாத நாள்’ என்று சாம்பல் நிறத்தில் காட்டும். எங்கள் ஆட்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. வேறு எந்த மென்பொருளுக்குத் தெரியும் எங்கள் முனியாண்டிக்கு என்றைக்குப் பூசை என்று?

பிறகு ஒரு தோட்டத்தில் பூச்சிமருந்து காற்றில் அடித்து வந்து, புல் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி வாயில் நுரை தள்ளி விழுந்தாள். பிழைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துப் பயந்துபோன தம்பி ஒரு விதி எழுதினான். கடுமையான மருந்தும் கனமான இயந்திரமும் நிலத்தில் ஆள் இல்லாத நாளில்தான் வர வேண்டும் என்பது விதி. நல்ல விதி. இப்போதும் அதை நல்ல விதி என்றுதான் சொல்வேன். நான் சேகரித்ததும் சரி, அவன் எழுதியதும் சரி. இரண்டும் உள்ளே ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் நடந்து பார்த்துக்கொண்டிருந்தவரை அதற்கு அவசியமும் வரவில்லை. திருவிழா அன்றைக்கு ஒரு புல்லைக்கூடப் பிடுங்க விட மாட்டேன், அதை எனக்குச் சொல்லித்தர ஒரு விதி வேண்டாம்.

அப்போதுதான் அந்தக் குத்தகைக்காரர் வந்தார். ஈப்போவில் கட்டடக் குத்தகை எடுக்கிறவர், நம் ஆள்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் ஒரு பகுதியை எடுத்திருந்தார். கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு டுரியான் போடும் எண்ணம். அந்தத் தோட்டம் எங்கள் தோட்டம். நானும் தம்பியும் பிறந்த இடம், பெரியம்மா வீட்டார் கடைசிவரை இருந்த இடம். எங்கள் கோயில் அவர் எடுத்த நிலத்தின் ஓரத்தில்தான் நிற்கிறது.

எனக்குத் தெரியாமல் தம்பி அவருக்கு மென்பொருளை மட்டும் கொடுத்துவிட்டான். அவர் ஒரு நாள் சந்தேகம் கேட்க மாடியேறி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

“நான் எப்ப உங்க நிலத்தைப் பார்த்தேன்?” என்று அவரைக் கேட்டேன்.

“நீங்க எதுக்கு அக்கா வரணும்? நீங்க வந்தா நான் தே தாரிக் வாங்கிக் குடுக்கணும். போன் தண்ணிகூடக் கேக்காது லா” என்று சிரித்தார்.

நான் தம்பி பக்கம் திரும்பினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: “அது நம்ம தோட்டம் அக்கா. அங்க நமக்குத் தெரியாதது என்னா இருக்கு? கண்ண மூடிக்கிட்டே கோடு போட்டேன்.”

என் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் மேசையில் இருந்தது. அதை எடுத்து அவன் தோளில் ஒன்று போட்டேன். முதுகில் இன்னொன்று. குத்தகைக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, “குடும்ப விஷயம், குடும்ப விஷயம்” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார். பாய் கீழேயிருந்து கட்டையால் தட்டினார். தம்பி அடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டு, “அடிச்சு முடிச்சிட்டியா? அவரோட சேத்து இதுவரைக்கும் தனியா வாங்கினவங்க எத்தன பேர்னு கேட்டா இன்னும் அடிப்ப” என்றான். நான் கேட்கவில்லை. சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். சில வாரம் அவனோடு பேசவில்லை.

எங்கள் கோயில் திருவிழாவில்தான் திரும்பப் பேசினோம். அன்றைக்குக் கோபத்தோடு யாரும் நிற்கக் கூடாது என்று பெரியம்மா எங்கள் இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்து வெங்காயம் உரிக்க உட்கார்த்திவிட்டார். சமையல் கொட்டகை கோயிலுக்குப் பின்னால், ரப்பர் மரங்களை ஒட்டிப் போட்டிருந்தது. பெரியம்மா பெரிய அண்டாவில் சோறு வடிக்க நின்றார். முன்னால் உறுமி மேளம் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூட வாயைக் காதில் வைக்க வேண்டும். கிடாக்களைக் குளிப்பாட்டி, மாலை போட்டு வரிசையாகக் கட்டியிருந்தார்கள். வெட்டுகிற ஆள் பெரியம்மாவின் மகன். எங்களுக்கு அண்ணன். நல்ல மனிதர், லோரி ஓட்டுகிறவர், வருடம் முழுக்க யாரையும் அதட்டிக்கூடப் பேச மாட்டார். அன்றைக்கு மட்டும் சாமி வந்து, சாராயமும் இறங்கி, கண் சிவந்து, கையில் பாராங் என்கிற வெட்டுக்கத்தியோடு நிற்பார். அவர் மட்டுமில்லை. கறி வெட்டவும் தென்னங்கீற்று கழிக்கவும் ஆண்கள் எல்லார் கையிலும் ஒரு கத்தி இருந்தது. வருடத்தில் அந்தத் தோட்டத்தில் அத்தனை பேர் கூடுவதும், அத்தனை கத்தி கூடுவதும் அந்த ஒரே நாள்தான்.

அந்த நாளைத்தான் எங்கள் மென்பொருள் ஆளில்லாத நாள் என்று கண்டுபிடித்து, இயந்திரத்தை வரச் சொல்லியிருந்தது.

மேளத்தில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. திடீரென்று கொட்டகைக்குப் பின்னால் இருந்த மரம் சாய்வதைப் பார்த்தேன். அது மெதுவாகத்தான் சாய்ந்தது. என்ன மரம், ஏன் சாய்கிறது என்று யோசித்துக்கொண்டு வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தேன். கொட்டகையின் தகரம் மடங்கியது. அண்டா புரண்டது. கொதிக்கிற கஞ்சி பெரியம்மாவின் இரண்டு கால்களிலும் இடுப்புக்குக் கீழே முழுக்கக் கொட்டியது. பெரியம்மா அலறவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேலையை இழுத்தபோது அதோடு தோலும் வந்தது.

மேளம் நின்றது. அப்போதுதான் இயந்திரத்தின் இரைச்சல் எல்லாருக்கும் கேட்டது. மரங்களுக்கு நடுவில் மஞ்சள் நிறத்தில் அது நின்றது, வாரியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த மரத்தில் கைவைத்தபடி.

யார் முதலில் ஓடியது என்று போலிஸ் பிறகு திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எல்லாரும்தான் ஓடினோம். நானும் ஓடினேன். சோறு கிளறுகிற இரும்புக் கரண்டியை எப்போது எடுத்தேனோ, அது என் கையில் இருந்தது, நீளமானது, நுனி அகப்பை மாதிரி. பெரியம்மாவின் தோலை என் கண்ணால் பார்த்திருந்தேன். அந்த ஓட்டுநர் யார், எவர் என்று எனக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. கொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தேங்காய்களால் இயந்திரத்தின் கண்ணாடியை உடைத்தார்கள். அவர் உள்ளே சுருண்டு, கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தார். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான தமிழர். நெற்றியில் திருநீறு. அவரும் அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தார் போல. சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், சட்டை கிழிந்து வந்தது. பிறகு தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். கீழே விழுந்தவரை மிதித்தார்கள். ஒருவன் விறகுக்கட்டையால் அவர் முட்டியைப் பார்த்துப் பார்த்து அடித்தான். அண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எங்கம்மா, எங்கம்மா” என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் இல்லை. பாராங்கை ஓங்கினார். ஓட்டுநர் தலைக்கு மேல் வலக்கையைத் தூக்கினார். அந்தக் கையில்தான் வெட்டு விழுந்தது, மணிக்கட்டுக்கு மேலே, எலும்பு வரை. நான் அடுத்து அடிக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பிளான்ல இருந்துச்சு, பிளான்ல இருந்துச்சு” என்று அவர் கத்தினார். முதலாளியான குத்தகைக்காரர் அன்றைய வேலையை அவருடைய கைப்பேசிக்கும் அனுப்பியிருந்தார். அந்தக் கைப்பேசி சேற்றில் என் காலடியில் கிடந்தது. திரை உடைந்திருந்தாலும் விளக்கு எரிந்தது. பச்சைக் கோடு. தம்பி கண்ணை மூடிக்கொண்டே போட்ட கோடு. அதற்குள்ளே சாம்பல் நிறத்தில் ஆள் இல்லாத நாள், இயந்திர வேலைக்கு ஏற்றது என்று எங்கள் எழுத்தில், எங்கள் தமிழில் இருந்தது.

எனக்கு முன்னால் தம்பி அதைக் குனிந்து எடுத்திருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. வேண்டாம்டா என்றேன், காதில் விழவில்லை. ஓட்டுநருக்கும் அண்ணனுக்கும் நடுவில் போய் நின்றான்.

“அண்ணே, இவரை விடுங்க. இவர் மேல தப்பு இல்ல. இன்னிக்கி வந்து தள்ளுன்னு சொன்னது என் புரோகிராம். நான் எழுதினது. அடிக்கணும்னா என்னை அடிங்க.”

கூட்டம் ஒரு நிமிடம் விழித்தது. எதை எழுதினான், எப்படி எழுதினான் என்று யாருக்கும் புரியவில்லை. எங்கள் பையன் எங்கள் கோயிலுக்கு மண்வாரியை அனுப்பினான் என்பது மட்டும் புரிந்தது. அதன் பிறகு வெளி ஆளை யார் அடிப்பார்கள்? அண்ணன் பாராங்கைத் திருப்பிப் பிடித்து அதன் தட்டையால் தம்பியின் தலையில் அடித்தார். தம்பி முட்டிபோட்டு விழுந்தான். அண்ணன் அழுதுகொண்டே இரண்டாவது முறை ஓங்கினார். இந்த முறை கூர் கீழே இருந்தது.

கரண்டி என் கையில்தானே இருந்தது. என் உடம்பின் மொத்தப் பலத்தையும் போட்டு அண்ணனின் வாயில் அடித்தேன். பற்கள் உடைந்தது என் கைக்குத் தெரிந்தது. பாராங் விழுந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். சின்ன வயதில் என்னைத் தூக்கிச் சுமந்த மனிதர். விரல்களுக்கு நடுவே ரத்தம் ஒழுக, “நீயுமா?” என்றார். நான் கரண்டியைக் கீழே போடவில்லை. கிட்டே வந்தால் இன்னும் அடிப்பேன் என்று சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தேன். பெண்கள் வந்துதான் எல்லாரையும் பிரித்தார்கள்.

பெரியம்மா, ஓட்டுநர், தம்பி மூன்று பேரையும் ஒரே வேனில் போட்டு ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க ஓட்டுநரின் கையை என் சேலைத் தலைப்பால் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர், “மெஷின் ஆஃப் பண்ணியாச்சா அக்கா?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். ஆஃப் பண்ணியாச்சு என்றேன். எனக்குத் தெரியாது. நாங்கள் போன பிறகு கிடா வெட்டாமல் கலையக் கூடாது என்று மிச்சமிருந்தவர்கள் வேறு ஆளை வைத்து வெட்டி, பூசையை முடித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அண்ணனைப் போலிஸ் அன்றைக்கே கொண்டுபோனார்கள்.

குத்தகைக்காரர் காவல் நிலையத்துக்கு வந்தார். தன் கைப்பேசியை மேசையில் வைத்து, “நான் பிளான் படிதான் செஞ்சேன், என் மேல என்னா தப்பு?” என்றார். அங்கே ஓர் இரும்பு நாற்காலி இருந்தது. நான் அதைத் தூக்கினதை மட்டும் சொல்கிறேன். ஒரு பெண் போலிஸ் என் இரண்டு கைகளையும் பின்னால் பிடித்து வெளியே கொண்டுபோய் மரத்தடியில் உட்காரவைத்தார்.

தம்பிக்குத் தலையில் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாடிக்குப் போனால் அவன் எனக்கு முன்னாலேயே வந்து, தலைக்கட்டோடு கணினி முன் உட்கார்ந்திருந்தான்.

“சரி பண்ணிட்டேன்” என்றான்.

“எதை?”

“விதியை. திருவிழா நாளுன்னா இனிமே செவப்புல காட்டும். கூட்டம் இருக்கும்னு சொல்லும். மெஷின் வைக்காது, மருந்து வைக்காது. ஒரே வரிதான் அக்கா.”

ஒரே வரி. பெரியம்மாவின் கால், அண்ணனின் பல், ஜெயில், அந்த மனிதரின் கை எல்லாம் ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. திரையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டிருப்பேன். அவன் முதுகு குலுங்குவதைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். அவன் அழுகிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை என் தோளில் வைத்துக்கொண்டேன், தையல் இல்லாத பக்கமாக. தனியாக விற்பதை நிறுத்திவிடலாம் என்று அவனே சொன்னான். ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களில் பலர் அதற்குச் சண்டைக்கு வந்தார்கள். வரி திருத்தியாயிற்றே, இனி என்ன பயம், எங்களுக்கு ஆளெல்லாம் வர வேண்டாம், போனே போதும் என்றார்கள். நான் ஒவ்வொருவர் நிலத்துக்கும் கிளம்பினேன்.

மாலையில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியம்மா பெண்கள் வார்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மகன் உள்ளே இருந்தார், அவர் பல்லை உடைத்தது என் கரண்டி அல்லவா. வாங்கிப்போன பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஓட்டுநரைப் பார்க்கப் போவேன். தாப்பாக்காரர். மனைவி தொழிற்சாலை வேலை முடிந்துதான் வர முடியும், அதுவரை பக்கத்தில் யாரும் இல்லை. கையை இரண்டு தடவை அறுத்துத் தைத்தார்கள். நரம்பு சேருமா என்று டாக்டரைப் போகும்போதும் வரும்போதும் நிறுத்திக் கேட்டேன். பொறுத்துப் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்த டாக்டர், ஒரு நாள் கட்டைப் பிரித்துவிட்டு விரல்களை மடக்கச் சொன்னார். ஓட்டுநர் பல்லைக் கடித்தார், நெற்றியில் வியர்த்தது. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. மற்ற நான்கும் அப்படியே கிடந்தன. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் மலாய் மொழியில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் புதுக் கட்டு போடத் தாதியை வரச்சொன்னார்.

தாதி போனதும் ஓட்டுநரின் கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்” என்றேன். “மரத்துக்கு அந்தப் பக்கம் இத்தன ஆள் இருக்குன்னு உங்களுக்கு மறைச்சிருக்கும்.”

“இல்லக்கா” என்றார். “நல்லா தெரிஞ்சிச்சு.”

“என்னா தெரிஞ்சிச்சு?”

“புகை வந்துச்சு. கொட்டகை தெரிஞ்சிச்சு. சோறு கிண்டுற அம்மா தெரிஞ்சாங்க.”

“பார்த்துட்டா தள்ளுனீங்க?”

“மெஷினை நிறுத்திட்டு பாஸுக்குப் போன் அடிச்சேன் அக்கா. பாஸ், இங்க ஆளுங்க இருக்காங்க, திருவிழா நடக்குதுன்னேன். அவரு போனைப் பார்த்துட்டு, இன்னிக்கி அங்க ஆள் இல்ல, தெளிவா போட்டிருக்கு, நீ தள்ளுன்னாரு. இல்ல பாஸ், நிக்கிறாங்கன்னு இன்னொரு தடவை சொன்னேன். உனக்கு நல்லா தெரியுமா, கம்ப்யூட்டருக்கு நல்லா தெரியுமான்னு கேட்டாரு.”

“உங்க கண்ணு முன்னாடி ஆள் நிக்குதே.”

“நின்னாங்கதான்.” நான் கேட்பது அவருக்கு விளங்காதது மாதிரி இருந்தது. “மேல இருந்து இல்லன்னு சொல்லிட்டாங்களே அக்கா. நானும் தோட்டத்துல பொறந்தவன்தான். நமக்கு என்னா தெரியுதுன்னு யாரு கேட்டா? மேல இல்லன்னா இல்லதான் லா.”

குத்தகைக்காரர் மேல் வர வேண்டிய கோபம், அன்றைக்கு நாற்காலியோடு பாதியில் நின்றுபோன கோபம், அந்த ஒரு வரி மேல் வந்த கோபம் எல்லாம் சேர்ந்து கட்டிலில் கிடந்த அந்த மனிதர் மேல் வந்தது. “பிறகு உனக்குக் கண்ணு எதுக்குய்யா?” என்று கத்தினேன். வார்டில் எல்லாரும் திரும்பினார்கள். நான் எழுந்து நின்றதும் கை ஓங்கியதும் எனக்கே தெரியவில்லை.

அவர் விலகவில்லை. நன்றாக இருந்த இடக்கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை எனக்கு வாகாகக் கொஞ்சம் திருப்பிக் காட்டி, அடி விழுவதற்காகப் படுத்திருந்தார்.